காற்று நின்ற பிறகு

சிறிய பாய்மரப் படகுகளுக்கு ஏற்ற மின் மோட்டார்கள் வந்துவிட்டன. புகை இல்லை, இரைச்சல் இல்லை, கயிறு இழுத்துக் களைக்க வேண்டியதில்லை. ஆனால் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பி வாங்குபவர் நடுநீரில் நிற்க நேரும்.

பாய்மரப் படகு வைத்திருப்பவருக்கு எப்போதும் இரண்டு பயங்கள். காற்று அதிகமாகிவிடுமோ என்பது ஒன்று. காற்றே இல்லாமல் போய்விடுமோ என்பது மற்றொன்று. முதல் பயத்துக்கு மருந்து கையிலேயே இருக்கிறது: பாயைச் சுருக்கலாம், இறக்கியும் விடலாம். இரண்டாவதற்குக் காலங்காலமாகத் துடுப்பும் தோள்வலியும்தான்.

அதனால்தான் படகின் பின்பலகையில் இரண்டு மூன்று குதிரைசக்தி பெட்ரோல் அவுட்போர்ட் ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் வந்தது. அந்தச் சின்ன எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. வருடத்தில் முக்கால்வாசி நாள் சும்மா கிடக்கும். தேவைப்படுகிற அன்றைக்குக் கிளம்பாது. பல மாதம் தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகி அடைத்துக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கயிற்றை இருபது முறை இழுத்து, கடைசியில் அது உறுமத் தொடங்கும்போது காற்று திரும்பி வந்திருக்கும்.

ஹைதராபாதின் உசேன் சாகரிலும், போபாலின் பெரிய ஏரியிலும், கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலிலும், கோவாவின் ஆறுகளிலும், மும்பைத் துறைமுகத்திலும் வாரக் கடைசியில் பாய் விரிப்பவர்கள் இப்போது மின் மோட்டாரின் பக்கம் திரும்பிப் பார்க்கக் காரணம் சுற்றுச்சூழல் அக்கறை மட்டும் அல்ல. பட்டனைத் தட்டினால் ஓட வேண்டும், அவ்வளவுதான். பெட்ரோல் நாற்றம் காரின் டிக்கியில் ஒரு வாரம் தங்கக் கூடாது என்கிற ஆசையும் உண்டு.

சட்டமும் சில இடங்களில் அதே திசையில் தள்ளுகிறது. போபாலின் பெரிய ஏரியும் அதை அடுத்த சிறிய ஏரியும் சேர்ந்த போஜ் ஈரநிலம் 2002ல் சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2023 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் மத்திய மண்டல அமர்வு அங்கே டீசலில் ஓடும் சுற்றுலாக் கப்பலையும் மோட்டார் படகுகளையும் நிறுத்தச் சொன்னது. நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியில் எண்ணெய்ப் படலம் மிதப்பதை எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வது? பிற ஏரிகளின் காவலர்களும் இதையே கேட்கத் தொடங்கினால் பெட்ரோல் அவுட்போர்ட் வைத்திருப்பவர் பதில் தேட வேண்டியிருக்கும்.

மூத்தது மின்சாரமே

மின் அவுட்போர்ட் ஏதோ நேற்று முளைத்த புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1881ல் பாரிஸின் சேன் நதியில் குஸ்தாவ் த்ரூவே என்ற பிரெஞ்சுப் பொறியாளர், கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய ஒரு மின் மோட்டாரைப் படகின் பின்னால் மாட்டி ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் ஓலி எவின்ரூட் தன் பெட்ரோல் அவுட்போர்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1909ல். ஆக, இந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளை மின்சாரம்தான். பேட்டரியின் கனம்தான் அதை ஒரு நூற்றாண்டு பின்னால் உட்கார வைத்தது.

இடையில் அது தூங்கிவிடவும் இல்லை. 1934ல் அமெரிக்காவில் பிறந்த மின்கோட்டா போன்ற நிறுவனங்கள், ஏரியில் தூண்டில் போடுபவர்களுக்காக மெதுவாக ஓடும் மின் மோட்டார்களைச் செய்துவந்தன. மீன் கலையாமல் படகை நகர்த்துவதுதான் அவற்றின் வேலை. இவற்றுக்கு ட்ரோலிங் மோட்டார் என்று பெயர். இன்றைக்கு 'மலிவான மின் அவுட்போர்ட்' என்று கடைக்காரர் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த வகையைத்தான்.

இன்னொரு வகை, அவுட்போர்டாகவே வடிவமைக்கப்பட்டது. 2005ல் ஜெர்மனியில் தொடங்கிய டார்க்கீடோ (2024ல் யமஹா வசம் போனது), 2012ல் ஹாங்காங்கில் தொடங்கிய ஈ-புரொபல்ஷன் ஆகியவை இதில் தெரிந்த பெயர்கள். ஒரு கிலோவாட் மோட்டாரும் அதன் தலையிலோ கழுத்திலோ மாட்டும் லித்தியம் பேட்டரியும் சேர்ந்து சுமார் 20 கிலோவுக்குள் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் திரையில் காட்டும். விலை? ட்ரோலிங் மோட்டார் அமெரிக்கக் கடையில் சில நூறு டாலர் என்றால், இவை 2,000 டாலரைத் தாண்டும். இறக்குமதிச் செலவு தனி.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்திய வாடிக்கையாளரின் குழப்பம் ஆரம்பிக்கிறது.

தள்ளும் விசை, இழுக்கும் விளம்பரம்

பெட்ரோல் எஞ்சினைக் குதிரைசக்தியில் அளப்பது எல்லோருக்கும் பழக்கம். ட்ரோலிங் மோட்டாரைப் பவுண்டில் அளக்கிறார்கள்: 30 பவுண்டு, 55 பவுண்டு, 80 பவுண்டு. இது மோட்டாரின் எடை அல்ல. படகைக் கட்டிப்போட்டு முழு வேகத்தில் ஓட்டினால் கயிற்றில் விழும் இழுப்பு. படகு நகரத் தொடங்கியதும் இந்த இழுப்பு குறைந்துகொண்டே போகும். ஆகவே அது குதிரைசக்திக்கு நேர் மாற்று அல்ல.

உருப்படியான கேள்வி வேறு: மோட்டார் எத்தனை வாட் எடுக்கிறது? 55 பவுண்டு மோட்டார் ஒன்று 12 வோல்ட்டில் அதிகபட்சம் 50 ஆம்பியர் இழுக்கும். பெருக்கினால் 600 வாட். குதிரைசக்திக்கு 746 வாட் என்பதால் அது முக்கால் குதிரைக்கும் சற்று அதிகம். அதிலும் பாதிக்கு மேல் மோட்டாரின் சூட்டிலும் புரொப்பல்லரின் சுழலிலும் வீணாகும். மிச்சம்தான் படகைத் தள்ளும்.

ஒரு கிலோவாட் மோட்டாரை '3 குதிரைசக்திக்கு இணை' என்று விளம்பரம் செய்வதைப் பார்க்கலாம். கணக்குப்படி ஒரு கிலோவாட் 1.34 குதிரைசக்திதான். விளம்பரத்தில் பாதி உண்மை உண்டு. மின் மோட்டாரின் பெரிய, மெதுவாகச் சுழலும் புரொப்பல்லர், கனமான படகை மெதுவான வேகத்தில் நகர்த்துவதில் சிறிய பெட்ரோல் எஞ்சினின் குட்டிப் புரொப்பல்லரைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் ரப்பர் படகைச் சீறிப் பாய வைக்க வேண்டும் என்றால் மூன்று குதிரை மூன்று குதிரைதான்.

பாய்மரப் படகுக்காரருக்கு நல்ல செய்தி, அவருக்குச் சீறிப் பாயும் அவசியமே இல்லை என்பது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக வரம்பை விதிக்கிறது. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் விடை வரும். 16 அடிப் படகுக்கு அது 5.4 நாட், அதாவது மணிக்குப் பத்துக் கிலோமீட்டர். அதற்கு மேல் ஓட்டப் பார்த்தால் படகு தன் சொந்த அலையிலேயே மலை ஏற வேண்டியிருக்கும்; எவ்வளவு சக்தி கொடுத்தாலும் போதாது.

அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. வேகம் இரட்டித்தால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகும். திருப்பிப் படித்தால் இது சிக்கனத்துக்கான சூத்திரம்: வேகத்தைப் பாதியாக்கினால் செலவு எட்டில் ஒன்று.

ஒரு படகின் கணக்கு

வேம்பநாட்டுக் காயலில் ஓடும் 16 அடித் திறந்த பாய்மரப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். படகும் பாய்மரமும் 200 கிலோ, ஆட்கள் மூன்று பேர் 200 கிலோ, மோட்டார், பேட்டரி, நங்கூரம் எல்லாம் சேர்த்து 50 கிலோ. மொத்தம் 450 கிலோ.

படகுக்காரர்களிடையே புழங்கும் தோராய விதி, ஒவ்வொரு 45 கிலோவுக்கும் குறைந்தது 2 பவுண்டு தள்ளுவிசை என்பது. இந்தப் படகுக்கு 20 பவுண்டு போதும். ஆனால் அது காற்றும் நீரோட்டமும் இல்லாத நாளின் கணக்கு. நிற்கும் பாய்மரமே எதிர்க்காற்றில் ஒரு தடை. எனவே இரட்டிப்பாக்கினால் 40. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 55 பவுண்டு. வாங்க வேண்டியது அதுதான். 80 பவுண்டுக்கு ஆசைப்பட்டால் அது 24 வோல்ட் கேட்கும், இரண்டு பேட்டரி ஆகும், செலவும் சுமையும் இரட்டிக்கும்.

இந்த ஏற்பாடு படகை மணிக்கு ஆறு கிலோமீட்டர் அளவில் தள்ளும். வேகமாக நடக்கும் ஆளின் வேகம். காற்று இறந்த மாலையில் கரை சேர அது தாராளம்.

எவ்வளவு நேரம் ஓடும்? விடை மோட்டாரில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது.

வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி ஆகுமா?

இந்தியாவில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இருக்க முடியாது. மின்வெட்டு புண்ணியத்தில் ஒவ்வொரு தெருவிலும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி கிடைக்கிறது. அதையே படகில் வைத்தால் என்ன?

வைக்கக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள். முதலாவது கனம்: ஆசிட் நிரப்பினால் 50 கிலோவைத் தாண்டும். கிட்டத்தட்ட ஒரு பயணியின் எடை. இரண்டாவது, உள்ளே இருப்பது திரவ ஆசிட். பாய்மரப் படகு சாய்வதற்காகவே பிறந்தது. ஆசிட் வெளியே சிந்தினால் படகின் பலகையும் பயணியின் கால்சட்டையும் போகும். உப்புத் தண்ணீர் பேட்டரிக்குள் புகுந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். மூன்றாவது, அந்த 150 என்ற எண், மின்சாரத்தைப் பத்து அல்லது இருபது மணி நேரத்துக்குப் பரப்பி மெதுவாக எடுத்தால் கிடைப்பது. மோட்டார் 50 ஆம்பியரை ஒரேயடியாக உறிஞ்சும்போது அதில் கணிசமான பங்கு கையில் வராது. கிடைப்பதிலும் பாதிக்கு மேல் தொடர்ந்து காலி செய்தால் பேட்டரியின் ஆயுள் சுருங்கும்.

ஈயப் பேட்டரிதான் வாங்க முடியும் என்றால், மூடி முத்திரையிட்ட ஏ.ஜி.எம். அல்லது ஜெல் வகை மட்டுமே பாய்மரப் படகுக்குப் பொருந்தும். அப்போதும் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 28, 30 கிலோ கனக்கும். முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே நிம்மதியாக ஓட்டலாம்.

மாற்று, லித்தியம் இரும்பு பாஸ்பேட். எல்.எஃப்.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். பேட்டரியில் ஓடும் ஆட்டோ ரிக்ஷாக்களும் சூரிய மின்சார விளக்குகளும் இந்த வகையை ஊருக்கு ஊர் கொண்டுவந்துவிட்டன. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி 1,280 வாட்-மணி தரும். எடை 12 கிலோ அளவு. அதில் 80 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். நல்ல சரக்கு இரண்டாயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கத் தாங்கும். விலை ஈயத்தைவிட அதிகம்தான். ஆனால் அதே நேரம் ஓட இரண்டு ஈயப் பேட்டரியும் 60 கிலோ சுமையும் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் வேகமாகக் கரைகிறது.

நம் 16 அடிப் படகுக்குத் திரும்பினால்: முழு வேகத்தில் 600 வாட். எடுக்கக்கூடியது ஆயிரம் வாட்-மணிச் சொச்சம். ஆக ஒரு மணி நாற்பது நிமிடம். தூரம் பத்துக் கிலோமீட்டர். வேகத்தைப் பாதியாக்கி மூன்று கிலோமீட்டருக்கு இறக்கினால் நடைமுறையில் 100 முதல் 150 வாட் போதும். எட்டு மணி நேரம், 24 கிலோமீட்டர். அதே பேட்டரி, அதே மோட்டார், இரண்டரை மடங்கு தூரம். பெட்ரோல் எஞ்சினில் பழகியவர்கள் நம்ப மறுப்பது இந்தக் கணக்கைத்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மலிவான ட்ரோலிங் மோட்டார்களில் ஐந்து படி வேகம் இருக்கும். குறைந்த படிகளில் அவை மின்சாரத்தை மிச்சப்படுத்துவதில்லை. பழைய ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி மிச்சத்தைக் கம்பிச்சுருளில் சூடாக்கித் தொலைக்கும். எலெக்ட்ரானிக் முறையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாடல் சற்று விலை கூடுதல். இருக்கும் பணத்தில் ஒரே ஒரு வசதியைத்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்க வேண்டும்.

கம்பி, ஃபியூஸ், ஒரு மீட்டர்

கனமான பேட்டரியைப் பின்பக்கம் வைத்தால் படகு வால் தாழ்ந்து நிற்கும். பாயில் ஓடும்போது தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே பேட்டரியின் இடம் படகின் நடுப்பகுதி. அதை நல்ல பெட்டியில் வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். சிறிய பாய்மரப் படகு கவிழ்வது அபூர்வம் அல்ல. கவிழும்போது 12 கிலோ கல் ஒன்று யார் தலையிலும் விழக் கூடாது.

நடுவில் இருந்து பின்பலகைவரை கம்பி போக வேண்டும். 50 ஆம்பியர் என்பது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி இழுப்பதைப் போலப் பல மடங்கு. மூன்று மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாவது வேண்டும். மெலிந்த கம்பி போட்டால் வோல்ட் குறையும், கம்பி சுடும். பேட்டரியை ஒட்டியே 60 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் அவசியம். இந்த இரண்டிலும் மிச்சம் பிடிப்பவர்கள் படகில் தீ வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறார்கள்.

எல்.எஃப்.பி. பேட்டரிக்குள் ஒரு காவல் சர்க்யூட் இருக்கும். அது தாங்கும் தொடர் மின்னோட்டம் மோட்டார் இழுப்பதைவிடக் கணிசமாக அதிகமா என்று லேபிளில் பார்க்க வேண்டும். 50 ஆம்பியர் மோட்டாருக்கு 100 ஆம்பியர் காவல் சர்க்யூட் நல்லது. ஈயப் பேட்டரி தீரும்போது மோட்டார் முனகி முனகி நிற்கும். லித்தியம் அப்படி எச்சரிக்காது. கடைசிவரை ஒரே வோல்ட்டில் ஓடி, காவல் சர்க்யூட் கதவைச் சாத்தியதும் சட்டென்று நிற்கும். அதனால் வோல்ட் மீட்டரை நம்பிப் பயன் இல்லை. போன ஆம்பியர்-மணியை எண்ணிக் கழிக்கும் மீட்டர் ஒன்றைப் பொருத்துவது, பெட்ரோல் டாங்கில் குச்சி விட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

மோட்டாரின் தண்டு நீளமும் கவனிக்க வேண்டியது. அலையில் பின்பக்கம் எழும்பும்போதும் புரொப்பல்லர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். பின்பலகையின் மேல்விளிம்பில் இருந்து நீர்மட்டம்வரை அளந்து, அதற்கு மேல் குறைந்தது ஓர் அடி ஆழம் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பாய் விரித்ததும் மோட்டாரை முழுதாகத் தூக்கி வைக்க வழி வேண்டும். தண்ணீரில் தொங்கும் புரொப்பல்லர் பாயின் உழைப்பைத் தின்னும். தூக்கிய நிலையில் அது சுக்கானையோ பாயின் கயிற்றையோ சிக்க வைக்காதா என்று கரையிலேயே சோதித்துவிட வேண்டும்.

உப்பும் ஓட்டமும்

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் அலை மட்டும் அல்ல. பல ட்ரோலிங் மோட்டார்கள் நல்ல தண்ணீருக்காகவே செய்யப்பட்டவை. உப்புத் தண்ணீருக்கு ஏற்ற மாடல்களில் பூச்சும் உலோகமும் வேறு. தன்னை அரித்துக்கொடுத்து மோட்டாரைக் காக்கும் துத்தநாகத் துண்டு ஒன்றும் இருக்கும். கோவாவிலோ கொச்சியிலோ நல்ல தண்ணீர் மாடலை ஓட்டினால் ஒரு சீசனில் பல் இளிக்கும். எதுவானாலும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

ஆனால் உயிரைப் பற்றிய விஷயம் ஏற்றவற்றம். மும்பையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அவ்வளவு தண்ணீரும் துறைமுகத்தின் வாய் வழியாகத்தான் போய் வர வேண்டும். ஓட்டம் 3 நாட் என்று வைத்துக்கொள்வோம்: மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர். எதிரே வரும் நம் படகின் வேகம் ஆறு. மிஞ்சுவது அரைக் கிலோமீட்டர். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கரையைச் சேர நாலு மணி நேரம் ஆகும். பேட்டரியோ ஒரு மணி நாற்பது நிமிடத்தில் கைவிரிக்கும். கரைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே படகு திரும்பவும் கடலைப் பார்த்துப் போகத் தொடங்கும்.

ஆகவே ஏற்றவற்றம் உள்ள இடத்தில் கேட்க வேண்டியது, 'இந்த மோட்டார் எவ்வளவு தூரம் போகும்?' என்பது அல்ல. 'இங்கே ஓட்டம் மிகவும் கடுமையாக இருக்கும்போது இது எதிர்த்துப் போகுமா?' என்பதே. போகாது என்றால் இரண்டு வழி: ஒரு கிலோவாட்டோ அதற்கு மேலோ உள்ள மோட்டார், அல்லது பழைய பெட்ரோல் எஞ்சின். பஞ்சாங்கம் மாதிரி ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, ஓட்டம் சாதகமாகத் திரும்பும்வரை நங்கூரமிட்டுக் காத்திருப்பது மூன்றாவது வழி. பாய்மரக்காரர்கள் எஞ்சின் வருவதற்கு முன் அதைத்தான் செய்தார்கள். எந்த வழியானாலும் துடுப்பும் நங்கூரமும் உயிர்காப்பு அங்கியும் படகில் இருந்தே ஆக வேண்டும். மின் மோட்டார் அவற்றுக்கு மாற்று அல்ல.

கேரளக் கரையில் மண்ணெண்ணெய் அவுட்போர்டோடு கடலுக்குப் போகும் மீனவருக்கு இந்தக் கட்டுரை விடை சொல்லாது. 9.9 குதிரைசக்தி எஞ்சின் முழு வேகத்தில் ஐந்து மணி நேரம் செய்யும் வேலைக்கு 37 கிலோவாட்-மணி மின்சாரம் வேண்டும். அதற்கான எல்.எஃப்.பி. பேட்டரி 350 கிலோ கனக்கும். வலையை வைக்க இடம் எங்கே?

ஆதித்யா சொல்லும் பாடம்

பெரிய அளவில் மின்படகு சாத்தியமா என்று சந்தேகப்படுபவர்கள் வைக்கத்துக்குப் போய்ப் பார்க்கலாம். கொச்சியின் நவால்ட் நிறுவனம் வடிவமைத்த 'ஆதித்யா' என்ற சூரிய மின்படகு, கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைக்காக 2017 ஜனவரியில் வைக்கம் - தவணக்கடவு வழியில் ஓடத் தொடங்கியது. 75 பயணிகள். இரண்டு 20 கிலோவாட் மோட்டார்கள். 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ தொடங்கியபோது, கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய பேட்டரிப் படகுகள் தீவுகளுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின.

ஆதித்யாவின் ரகசியம் கூரையில் இருக்கும் சூரியப் பலகையில் மட்டும் இல்லை. தண்ணீரில் இருக்கும் மெல்லிய இரட்டை உடலிலும் இருக்கிறது. தண்ணீர் குறைவாகத் தடுத்தால் மோட்டார் சிறியதாக இருக்கலாம். மோட்டார் சிறியதானால் பேட்டரியும் சிறுக்கும். சிறு படகுக்காரருக்கும் பாடம் அதுதான். அடிப்பகுதியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி எடுப்பது, இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட மலிவு.

சூரியப் பலகையும் வாரக் கடைசிப் படகுக்கு நன்றாகப் பொருந்தும். 100 வாட் பலகை ஒன்று நல்ல வெயில் நாளில் 400 வாட்-மணி அளவு தரும். ஞாயிறு மாலை காலியான பேட்டரி மூன்று நான்கு நாளில் நிரம்பிவிடும். படகுத்துறையில் பிளக் பாயிண்ட் கேட்டுக் காவலாளியிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

பணம் மிஞ்சுமா?

பொழுதுபோக்குக்காக ஓட்டுபவருக்கு எரிபொருள் மிச்சம் பெரிய காரணம் அல்ல. இரண்டரைக் குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். வருடத்துக்கு 50 மணி நேரம் ஓட்டினால், லிட்டர் சுமார் ரூ. 100 என்ற கணக்கில் ரூ. 5,000. அதே 50 மணி நேரம் 600 வாட் மோட்டாருக்கு, சார்ஜ் செய்வதில் வீணாவதையும் சேர்த்து 35 யூனிட், யூனிட் ரூ. 8 என்றாலும் ரூ. 280. மிச்சம் வருடத்துக்கு ரூ. 4,700. இதை வைத்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் வெளிநாட்டு மோட்டாரை நியாயப்படுத்த முடியாது. ட்ரோலிங் மோட்டாரும் உள்நாட்டு எல்.எஃப்.பி. பேட்டரியும் சேர்ந்த ஜோடியை ஓரளவு நியாயப்படுத்தலாம். கார்புரேட்டர் சுத்தம் செய்யும் கூலியும் மிச்சம்.

காயலோரத்தில் விடுதி நடத்தி, விருந்தினரைத் தினமும் படகில் ஏற்றுபவரின் கணக்கு வேறு. நாளைக்கு ஐந்து மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் என்றால் 1,250 லிட்டர். ஒன்றேகால் லட்ச ரூபாய். அவருக்கு விலை உயர்ந்த மோட்டாரும் இரண்டு பேட்டரியும்கூடச் சில வருடத்தில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். பறவையைப் பயமுறுத்தாத படகு என்பது அவருக்குக் கூடுதல் விளம்பரம்.

அரசு உதவி? சாலை வாகனங்களுக்கு ஃபேம் திட்டமும் 2024ல் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டமும் மானியம் வகுத்தன. இரண்டிலும் படகு இல்லை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1917ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021, இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்குப் பதிவும் சோதனையும் கேட்கிறது. மின்சாரத்தில் ஓடுபவற்றைச் சிறப்பு வகையாகவும் பார்க்கிறது. துடுப்பும் பாயும் மட்டும் இருந்தவரை கேள்வி கேட்காதவர்கள் மோட்டார் மாட்டியதும் கேட்கலாம். மாநிலத்தின் துறைமுக அலுவலகத்திலோ ஏரியை நிர்வகிக்கும் அமைப்பிடமோ முதலில் விசாரித்துவிட்டு மோட்டார் வாங்குவதே முறை.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மைத்துனரை நம்பியிருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. விமானத்தில் பயணி கொண்டுவரும் லித்தியம் பேட்டரிக்கு 100 வாட்-மணிதான் சாதாரண வரம்பு. விமான நிறுவனத்தின் அனுமதியோடு 160. ஆயிரம் வாட்-மணிப் படகுப் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர முடியாது. மோட்டார் வந்து, பேட்டரி விமான நிலையத்தில் தங்கிவிட்டால், பேட்டரியோடு சேர்ந்து மட்டுமே ஓடும் மாடல் வரவேற்பறை அலங்காரமாகிவிடும். எந்த 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் ட்ரோலிங் மோட்டாருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எதை வாங்குவது?

ஏரியிலோ அமைதியான காயலிலோ 18 அடிக்கு உட்பட்ட படகு வைத்திருப்பவருக்கு: 55 பவுண்டு அளவு, எலெக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாடு உள்ள ட்ரோலிங் மோட்டார், 100 ஆம்பியர்-மணி எல்.எஃப்.பி. பேட்டரி ஒன்று. கேரளக் காயல்களில் உப்பு ஏறும் என்பதால் அங்கே உப்புத் தண்ணீர் மாடல்.

20 அடிக்கு மேல், ஒரு டன்னை நெருங்கும் படகுக்கு: டன்னுக்கு ஒரு கிலோவாட் என்ற கணக்கில் அவுட்போர்டாகவே செய்யப்பட்ட மோட்டார். வாங்குமுன் புரொப்பல்லரும் அதன் பின்னும் உள்ளூரில் கிடைக்குமா, பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கழிமுகத்தைக் கடந்து கடலுக்குப் போய் வருபவருக்கு: பெட்ரோல் எஞ்சினை இப்போதைக்கு விற்க வேண்டாம்.

எந்த மோட்டார் வாங்கினாலும் முதல் பயணம் கரையை ஒட்டியே இருக்கட்டும். முழு வேகம், பாதி வேகம், கால் வேகம் ஒவ்வொன்றிலும் எத்தனை ஆம்பியர் போகிறது, எவ்வளவு தூரம் நகர்கிறது என்று ஒரு தாளில் குறித்துப் பேட்டரிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைக்க வேண்டும். நிறுவனத்தின் சோதனைப் படகு வேறு, உங்கள் படகு வேறு. காற்று நின்றுபோன ஒரு மாலையில், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர முடியுமா என்பதைச் சொல்லப் போவது அந்தத் தாள்தான்.